மிதக் குடி என்னும் கொள்கை: பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து ஒரு திறனாய்வு

1. வினா பிறந்த இடம்

குடித்துக் கெட்ட ஒருவர், குடியை நிறுத்தி உடல் தேறிய பின்னர், மீண்டும் அளவோடு குடிக்கலாமா? மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவைப் பற்றி வாதிட்டு வருகிறது. நம் இறையியல் வகுப்பறைகளில் இது எழுவது அரிது. மதுவைக் குறித்த வழக்கு என்றோ தீர்ப்பாகி முடிந்துவிட்டது என நம் சபைகள் எண்ணுவதே அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அருட்பணிக்களத்தில் இவ்வழக்கு முடியவில்லை.

சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும். அது ஆந்திரத்திலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. டச்சுக்காரர் 1613 ஆம் ஆண்டு எழுப்பிய கெல்திரியா கோட்டையின் சிதைவையும் அவர்களுடைய கல்லறைகளையும் காண வருவோர் பலர். பூநாரைகளைக் காண வருவோர் அவர்களினும் பலர். ஏரியை நம்பி வாழும் குப்பங்களின் உள்வாழ்வைக் காண்போர் சிலரே. அச்சிற்றூர்களுள் ஒன்றில் சிறு சபையொன்றை நாம் கவனித்து வந்த காலத்தில், எட்டு மாதங்களாகக் குடியைத் தொடாதிருந்த மீனவச் சகோதரர் ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்த பின் தயங்கி நின்றார். அவருடைய மனைவி சற்றுத் தள்ளி, கேட்கும் தொலைவில் நின்றார்.

"ஐயா, எட்டு மாசம் ஆச்சு. இப்ப உடம்பும் நல்லாயிருக்கு, மனசும் நல்லாயிருக்கு. ராத்திரி தண்ணில நின்னுட்டு வந்தா குளிரு தாங்கல. இனிமே ஒரு அளவோட வச்சுக்கலாமா?" என்றார்.

நாம் சிந்திக்கவில்லை. ஒரு துளி நாவில் பட்டாலும் எல்லாம் போயிற்று என்றும், தேவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவனுக்கு மன்னிப்பைத் தேடுவது கடினம் என்றும் சொல்லி அனுப்பினோம். இரண்டு மாதங்கள் கழித்து உறவினர் திருமணம் ஒன்றில் அவர் சிறிது குடித்தார். எல்லாம் போயிற்று என்று நாமே சொல்லியிருந்தோம் அன்றோ? அவரும் அவ்வாறே எண்ணி, நான்கு வாரம் நிறுத்தாமல் குடித்தார். சபைக்கு வரவும் வெட்கப்பட்டார். நாம் சொன்னதில் முற்பகுதி பெரும்பாலும் சரி, பிற்பகுதி முற்றிலும் தவறு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். எது சரி, எது தவறு என்று பிரித்தறியும் முயற்சியே இக்கட்டுரை.

2. கொள்கையின் வரலாறு

1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை தோன்றியது. அதனைத் தொடங்கிய இருவரும் ஆக்ஸ்போர்டு குழு எனப்பட்ட புராட்டஸ்தாந்து எழுப்புதல் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். பாவ அறிக்கை, ஈடுசெய்தல், இறைவனிடம் தம்மை ஒப்புக்கொடுத்தல் ஆகியவற்றை அவர்கள் அங்கிருந்தே கற்றனர். குடிநோயாளி ஒருவர் மீண்டும் மிதமாகக் குடிக்க இயலாது என்பது அத்தோழமையின் அடிப்படைத் துணிபு. தம் சொந்த மனவலிமையில் நம்பிக்கை இழப்பதையே அது விடுதலையின் வாசலாகக் கொண்டது.

இத்துணிபை அசைத்த முதல் அறிக்கை 1962 ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வந்தது. மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டி. எல். டேவிஸ், தாம் பின்தொடர்ந்த 93 குடிநோயாளிகளுள் 7 பேர் ஏழாண்டுகளுக்கும் மேலாகப் பிறரைப் போல் இயல்பாகக் குடித்து வருவதாக எழுதினார். பெரும் புயல் எழுந்தது. ஆனால் எல்லாக் குடிநோயாளிகளுக்கும் முழு விலக்கையே அறிவுரையாகக் கூற வேண்டும் என்பதை டேவிஸ் மறுக்கவில்லை. அவரை மேற்கோள் காட்டியோர் பலர் இதனை மறந்தனர்.

அடுத்து, கலிபோர்னியாவின் பாட்டன் அரசு மருத்துவமனையில் மார்க் சோபெல், லிண்டா சோபெல் தம்பதியர் 20 நோயாளிகளுக்கு அளவோடு குடிக்கப் பயிற்சியளித்தனர். விலக்கை மட்டும் இலக்காகக் கொண்ட மற்றக் குழுவினரைவிட இவர்கள் நன்கு தேறினர் என 1973 ஆம் ஆண்டு அறிவித்தனர். குடி கற்றுக்கொண்ட பழக்கம் ஆதலால், அதனை வேறு விதமாகவும் கற்கலாம் என்பது அவர்களது கொள்கை. 1982 ஆம் ஆண்டு பெண்டரி, மால்ட்ஸ்மன், வெஸ்ட் ஆகிய மூவர் அதே இருபதின்மரைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 'சயன்ஸ்' இதழில் எழுதினர். அளவுக் குடியில் நிலைத்தவர் ஒருவரே. எண்மர் மிகுதியாகக் குடித்துக்கொண்டே இருந்தனர். அறுவர் முயற்சியைக் கைவிட்டு முழுமையாக விலகியிருந்தனர். நால்வர் குடி தொடர்பான காரணங்களால் இறந்திருந்தனர். எஞ்சிய ஒருவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை.

இம்மறுப்பும் குறையற்றதன்று. விலக்கை இலக்காகக் கொண்டிருந்த ஒப்பீட்டுக் குழு பின்னர் என்ன ஆயிற்று என்பதை அம்மூவர் உடன் வைத்துக் காட்டவில்லை. சோபெல் தம்பதியர் மோசடி செய்தனர் என்னும் குற்றச்சாட்டை ஆராய்ந்த டொரான்டோக் குழு, அவர்களைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. ஒரு தரப்பின் சவங்களை மட்டும் எண்ணி வழக்காடுவது நீதியாகாது. இவ்வெச்சரிக்கை நம் மேடைகளுக்கும் பொருந்தும்.

டேவிஸின் எழுவருக்கு என்ன நேர்ந்தது? கிரிஃபித் எட்வர்ட்ஸ் அவர்களைத் தேடிச் சென்று 1985 ஆம் ஆண்டு விடையளித்தார். எழுவருள் ஐவர், டேவிஸ் கண்காணித்த காலத்திலேயே அல்லது அதன் பின்னர், குடியால் பெருந்தொல்லை அடைந்திருந்தனர். இடரின்றிக் குடித்து வந்தவர் இருவரே. அவ்விருவருள்ளும் ஒருவர் தொடக்கத்திலேயே கடும் அடிமை நிலையை அடைந்தவரல்லர். அமெரிக்காவில் ஜார்ஜ் வேய்லன்ட் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆண்களிடையேயும் இதுவே தெரிய வந்தது. அளவுக் குடிக்குத் திரும்பியோர் அந்நிலையில் பத்தாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது என்றும், மீண்டும் வீழ்வதோ முழுவிலக்கிற்கு வந்து சேர்வதோதான் பெரும்பாலும் நேர்கிறது என்றும் அவர் 1996 ஆம் ஆண்டு எழுதினார்.

3. இரு தரப்பையும் நிறுத்துப் பார்த்தல்

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. எராஸ்முஸ் 1524 ஆம் ஆண்டும் லுத்தர் 1525 ஆம் ஆண்டும் மனித சித்தம் கட்டுண்டதா, கட்டற்றதா என வாதிட்டதை இறையியல் மாணவர் அறிவர். அதே வாதம் ஈண்டு மருத்துவ உடை தரித்து வந்திருக்கிறது. ஒரு தரப்பு, குடிநோயாளியின் சித்தம் கட்டுண்டது என்கிறது. மற்றத் தரப்பு, பயிற்சியால் அது மீளும் என்கிறது. சான்றுகளோ இருவருக்கும் முழு வெற்றியைத் தரவில்லை.

சான்றுகளிலிருந்து தெளிவாவது ஒன்று: விடை, கட்டு எவ்வளவு இறுகியது என்பதைப் பொறுத்தது. 1976 ஆம் ஆண்டின் ராண்டு அறிக்கையும், அதே நோயாளிகளை நான்காண்டுகள் பின்தொடர்ந்த அதன் தொடராய்வும் இதனையே சுட்டின. குடியின்றிக் கை நடுங்குகிறவர், விழித்ததும் குடித்தால்தான் எழ முடிகிறவர், நிறுத்தினால் வியர்வையும் வலிப்பும் காண்கிறவர் ஆகியோருக்கு அளவுக் குடி நிலைப்பது மிக அரிது. இத்தகைய அறிகுறிகளை அடையாதவர், இளையவர், வேலையும் குடும்பமும் சிதையாதவர் ஆகியோருள் சிலர் குறைத்துக்கொண்டு வாழ்ந்ததுண்டு. ஆகவே "யாராலும் முடியாது" என்பது மிகை. "முயன்றால் எவராலும் முடியும்" என்பது அதைவிடத் தீங்கு விளைக்கும் மிகை; ஏனெனில் அதனை முதலில் பற்றிக்கொள்கிறவர், அதனால் மிகுதியாக அழியக்கூடியவரே.

முழுவிலக்குத் தரப்பிலும் ஒரு கூற்று திருத்தம் பெற வேண்டும். ஒரு துளி உட்சென்றால் உடலே மனிதனை இழுத்துச் செல்லும் என்பது அக்கூற்று. மார்லட்டும் உடனாய்வாளரும் 1973 ஆம் ஆண்டு செய்த சோதனையில், கோப்பையில் மது உண்டு என்று நம்பிய குடிநோயாளிகள், அதில் மது இல்லாதபோதும் மிகுதியாகக் குடித்தனர். மது இல்லை என்று நம்பியோர், அது கலந்திருந்தபோதும் குறைவாகவே குடித்தனர். துளியைப் போலவே நம்பிக்கையும் இழுக்கிறது. விலக்கை மீறியவர் "இனி எல்லாம் போயிற்று" என்று எண்ணும் எண்ணமே, சிறு சறுக்கலைப் பெருவீழ்ச்சியாக்குகிறது என மார்லட்டும் கார்டனும் 1985 ஆம் ஆண்டு நூலில் விளக்கினர். நம் சகோதரருக்கு நேர்ந்தது இதுவே. அவ்வெண்ணத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம்.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்திய சில அமர்வுகளைக் குறித்த ஆய்வு 2017 ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தீங்கு விளைக்கும் அளவில் குடித்தும், கடும் அடிமை நிலையை எட்டாத முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அதில் பங்கேற்றனர். மூன்று மாதங்களுக்குப் பின், ஆலோசனை பெற்றோரில் 100க்கு 36 பேர் தீங்கற்ற நிலைக்கு வந்தனர். பெறாதோரில் 26 பேர். முந்தைய இரு வாரங்களில் அறவே குடிக்காதோர், ஆலோசனை பெற்றோரில் 42 பேர். பெறாதோரில் 18 பேர். கடும் அடிமைகளல்லாத இம்மக்களிலும் பலர் சென்றடைந்த இடம் விலக்கே என்பது கவனிக்கத்தக்கது. இவ்வாலோசனையை வழங்கியோர் மருத்துவர் அல்லர் என்பது போதகர்களுக்கு ஊக்கமளிக்க வேண்டும்.

4. 'அளவு' என்பது யாருடைய அளவு?

மிதக் குடிக் கொள்கை ஓர் அளவுகோலை முன்வைத்தே பேசுகிறது. 1994 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய 'மாடரேஷன் மேனேஜ்மென்ட்' என்னும் அமைப்பு, ஆண்களுக்கு ஒரு நாளில் 4 அளவுக்கும் ஒரு வாரத்தில் 14 அளவுக்கும் மேற்படாமையையும், வாரத்தில் மூன்று நான்கு நாள் குடிக்காமையையும் வரம்பாக வைத்தது. முதல் 30 நாள் முற்றிலும் விலகியிருக்கவும் பணித்தது. கடும் அடிமைகளுக்கு இவ்வழி அன்று என்றும் அதுவே கூறியது. அதனைத் தோற்றுவித்த அம்மையார் 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமக்கு முழுவிலக்கே வேண்டும் என்று அறிவித்தார். சில வாரங்களிலேயே குடிபோதையில் வண்டியோட்டி, தந்தையும் மகளுமான இருவரின் சாவுக்குக் காரணமானார். ஒருவரின் வீழ்ச்சி ஒரு கொள்கையைப் பொய்யாக்கிவிடாது. எனினும், தம் கட்டின் இறுக்கத்தைத் தாமே அளந்துகொள்வது எத்துணைக் கடினம் என்பதை அது காட்டுகிறது.

இவ்வளவுகோலை ஏரிக்கரைக்குக் கொண்டு வருவோம். அமெரிக்க அளவு ஒன்றில் ஏறத்தாழ 14 கிராம் தூய சாராயம் உண்டு. நான்கு அளவு 56 கிராம். நம் டாஸ்மாக் கடையில் ஏழை வாங்கும் போத்தல் 'குவார்ட்டர்', அதாவது 180 மில்லி லிட்டர். அதன் வீரியம் 100க்கு 42.8. கணக்கிட்டால் அதனுள் 77 மில்லி, எடையில் ஏறத்தாழ 61 கிராம் தூய சாராயம் உள்ளது. எனவே, மிதக் குடியர் சங்கம் ஒரு நாளைக்கு வகுத்த உச்ச வரம்பை நம் சாதாரணப் போத்தல் ஒன்றே கடந்துவிடுகிறது. நாள்தோறும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறவர், "நான் அளவாத்தான் சாப்பிடறேன்" என்று மனச்சான்று உறுத்தாமல் சொல்கிறார். அவருடைய வாரக் கணக்கு 420 கிராமுக்கும் மேல். அச்சங்கத்தின் வார வரம்பு 196 கிராம்.

"கட்டிங்" இருக்கிறதே எனலாம். ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்ந்துகொள்வதற்கு அப்பெயர். அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். நேற்று உடன் குடித்தவரே இன்றும் அக்கூட்டாளி. அவர் தம் பங்கை முடித்து இன்னொன்று வாங்கினால் இவர் எழுந்து போவாரோ? தனியே குடித்தால் குவார்ட்டர் முழுவதும். கூடிக் குடித்தால் கூட்டத்தின் அளவு. இவ்விரண்டிற்கும் நடுவே 'ஒரு சிறு கிண்ணம்' என்பது ஏரிக்கரையில் விற்கப்படும் பொருளன்று.

தொழிலின் போக்கும் மிதத்திற்கு எதிரானது. இரவெல்லாம் நீரில் நின்று, விடியலில் இறாலும் நண்டும் விற்றுப் பணம் கையில் ஏறுகிறது. சில நாள் மிகுதி. பல நாள் ஒன்றுமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் ஏரியே வறண்ட கை நீட்டுகிறது. மாத ஊதியக்காரருக்கு ஏற்றதோர் ஒழுங்கை, நாள்வருவாய்க்காரர் மீது அப்படியே சுமத்த இயலாது.

அரசின் கொள்கையும் நிலையாக நின்றதில்லை. 1937 ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 ஆம் ஆண்டு மாகாணம் முழுவதும் பரவி, 1971 ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டது. 1983 ஆம் ஆண்டு தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. மலிவைத் தேடுவோர் கள்ளச்சாராயத்திற்குச் செல்கின்றனர். 2023 ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூரில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அங்கே ஒரு கோப்பை குடித்தவரும் மிதமாகக் குடித்தவரே.

5. மோனிக்காவின் கிண்ணம்

திருமறை இவ்வினாவை நேராக எடுத்துரைப்பதில்லை. கானாவூரின் திருமண வீட்டையும் (யோவான் 2), தீமோத்தேயுவின் வயிற்றையும் (1 தீமோ. 5:23) மதுவின் பக்கம் காட்டுவோர் உளர். நீதிமொழிகள் 23:29-35ஐ மறுபக்கம் காட்டுவோரும் உளர். கானாவூர் விருந்தினரையோ தீமோத்தேயுவையோ குடியிலிருந்து மீண்டவராகத் திருமறை காட்டவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். தீமோத்தேயு அதுவரை தண்ணீர் மட்டுமே குடித்தவர். அவருக்குச் சொன்ன மருந்தை நம் சகோதரருக்குச் சீட்டெழுதிக் கொடுக்க இயலாது. நீதிமொழிப் பகுதியோ, அடிபட்டும் வலி உணராதவன் விழித்ததும் மறுபடியும் மதுவையே தேடுவதோடு முடிகிறது. கட்டுண்ட சித்தத்தின் ஓவியம் என்று அதனையே கூறலாம்.

நம் வினாவிற்கு மிக அண்மையான சான்றைத் திருச்சபை வரலாற்றில் அகஸ்டின் தருகிறார். தம் தாய் மோனிக்கா சிறுமியாயிருந்தபோது, பெற்றோருக்காகத் திராட்சமது எடுக்கச் செல்கையில் முதலில் உதடு நனையப் பருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, பின் கிண்ணம் நிறையக் குடிக்கலானார் என்று 'அறிக்கைகள்' ஒன்பதாம் நூலில் எழுதுகிறார். பணிப்பெண் ஒருத்தி சினத்தில் குடிகாரி என ஏசியது அவருக்குச் சுருக்கென்று தைத்தது, அன்றே விட்டுவிட்டார். அதே மோனிக்கா முதிய வயதில் இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குச் செல்லும்போது, நீர் கலந்த ஒரு சிறு கிண்ணத்திலிருந்து மட்டும் சிறிது பருகினார் என்று ஆறாம் நூல் கூறுகிறது. ஆக, குடிப்பழக்கத்தில் விழுந்து மீண்ட ஒருவர் மிதமாகப் பருகி வாழ்ந்தார் என்பதற்கு நம் மரபிலேயே சான்று இருக்கிறது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மிலான் நகரில் ஆயர் அம்புரோசியுஸ் அவ்வழக்கத்தைத் தடைசெய்திருந்தார். தெளிவோடு பருகுவோருக்கும் அத்தடை உண்டு. குடிவெறியருக்கு அது வாய்ப்பாகிவிடக்கூடாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. மோனிக்கா முணுமுணுக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூன்று செய்திகளை ஈண்டு காண்கிறோம். மோனிக்காவின் பழக்கம் இளமையிலேயே, கட்டு இறுகுமுன் முறிந்தது. அவருடைய அளவு உண்மையிலேயே சிறிய அளவு. அந்த அளவையும் அவர் தமக்காக அன்றி, அளவறியாத பிறருக்காக விட்டார். சிலருக்கு மிதமாகத் துய்ப்பதைவிட முற்றிலும் துறப்பதே எளிது என்று அகஸ்டின் திருமணத்தைக் குறித்த நூலில் பொதுவாகச் சொன்னதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

பவுலடியார் கொரிந்தியருக்கும் (1 கொரி. 8:9-13) ரோமருக்கும் (ரோமர் 14:13-21) எழுதியது இத்திசையிலேதான். எனக்கு உரிமையுண்டா என்பது அவருக்கு இரண்டாம் வினா. என் உரிமையால் யார் இடறுகிறார் என்பதே முதல் வினா. நாமோ இப்பகுதிகளை வலுவிழந்தவரை நோக்கியே பிரசங்கித்து வந்தோம். அவை வலுவுள்ளவரை நோக்கி எழுதப்பட்டவை. விலகியிருக்கும் பாரத்தை மீண்டவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, திருமணத்திலும் துக்கவீட்டிலும் மற்றவர் போத்தல் திறப்பாராயின் அது பவுலின் நெறியன்று. ரேகாபியர் மதுவைத் தொடாதிருந்தது (எரேமியா 35) தனியொருவரின் வைராக்கியத்தால் அன்று. குடும்பம் முழுவதும் அந்நோன்பைக் காத்தது.

தமிழ் மரபிலும் இவ்வேறுபாடு உண்டு. திருவள்ளுவர் உணவிற்கு அளவு கூறுகிறார்; 'மருந்து' அதிகாரத்தில் அதனைக் காண்கிறோம். கள்ளுக்கோ, அதற்கு இரண்டு அதிகாரம் முன்னரே, 'கள்ளுண்ணாமை' என்றே தலைப்பிட்டார்.

6. ஏரி கற்பிக்கும் ஒழுங்கு

பழவேற்காட்டு மீனவர் மிதம் அறியாதவர் என்று கருதுவது பெரும்பிழை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வரும் 'பாடு' முறையை நோக்குக. ஏரியில் எல்லா இடமும் ஒரே விளைச்சல் தருவதில்லை. முகத்துவாரத்தை அண்டிய இடங்களில் இறால் மிகுதி. எனவே இடமும் நாளும் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. இன்று உன் முறை இல்லையெனில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் வலையிடலாகாது. ஊர் கூடி இதனைக் காக்கிறது. தலித்து மீனவரும் இருளரும் இம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர் என்னும் குறையை நாம் மறைக்கவில்லை. அதுவும் திருச்சபையின் மனச்சான்றைத் தொட வேண்டியதே. எனினும் ஓர் உண்மையை இம்முறை விளக்குகிறது: ஆசை மிகுந்த இடத்தில் ஒருவனைக் காப்பது அவனுடைய மனவலிமை மட்டுமன்று, சுற்றிலும் உள்ளோர் ஏற்றுக்கொண்ட வரம்பே அவனைக் காக்கிறது.

மிதக் குடிக் கொள்கையின் அடிப்படைக் குறை இதுவே என்பது நம் துணிபு. ஒவ்வொரு மாலையும், ஒவ்வொரு கிண்ணத்திலும், தனியொருவராகத் தீர்மானிக்கும் சுமையை அது மீண்டவர் மேல் வைக்கிறது. அவர் எதில் முறிந்தாரோ அதிலேயே அவரைக் காவல் வைக்கிறது. முழுவிலக்கோ ஒரே தீர்மானம். அதனை அவர் ஒருமுறை எடுத்துவிட்டால், ஊரும் சபையும் அவரோடு சேர்ந்து காக்கலாம். எத்தனையாவது கிண்ணம் என்பதை மற்றவர் காக்க இயலாது; கிண்ணமே இல்லை என்பதைக் காக்க இயலும். நம் மேடைப் பேச்சின் குறையோ வேறு. வரம்பைக் காக்க வேண்டிய சபை, வரம்பை மீறியவருக்குத் தண்டனை வழங்கும் மன்றமாகிவிட்டது.

7. போதகருக்குச் சில

முதலாவது, வினா எழுந்தவுடன் விடை சொல்லாமல், கட்டின் இறுக்கத்தை விசாரிக்க வேண்டும். காலையில் கை நடுங்கியதா, வலிப்பு வந்ததா, இல்லாதது கண்ணில் தோன்றியதா, எத்தனை முறை குறைக்க முயன்று தோற்றார் என்பவற்றை அவரிடமும், அவர் இசைந்தால் மனைவியிடமும் கேட்க வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் உண்டெனில் விடை தெளிவு: அவருக்கு அளவு என்பது இல்லை.

இரண்டாவது, கடுமையாகக் குடித்துக்கொண்டிருப்பவரை எழுப்புதல் கூட்ட மேடையில் இன்றோடு விடு என்று பொருத்தனை செய்வித்து வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக்கலக்கமும் உண்டாகி உயிரும் போகலாம். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சென்னையில் 1980 ஆம் ஆண்டு முதல் டி.டி. ரங்கநாதன் நிறுவனம் இதற்கென்றே இயங்கி வருகிறது. குடியை வெறுக்கச் செய்யும் மருந்தை அவர் அறியாமல் குழம்பில் கலக்கும் வழக்கமும் உயிருக்கு ஆபத்தானது. அதனைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டு இறுகாத நிலையில் உள்ளோருக்கும் நம் சூழலில் விலக்கே பாதுகாப்பு. எனினும், முற்றிலும் விட மனமில்லை, குறைத்துக்கொள்கிறேன் என்பவரைத் துரத்தலாகாது. மில்லியில் கணக்கு வைக்கச் சொல்லுவோம், காலவரையறை குறிப்போம். அவர் வைத்த வரம்பை அவரே இரண்டொரு முறை கடந்துவிட்டால், அவருடைய வினாவிற்கு அவருடைய வாழ்வே விடை சொல்லிவிட்டது என்று அன்போடு சுட்டிக்காட்டுவோம்.

நான்காவது, வீழ்ந்தவருக்குச் சொல்ல வேண்டிய சொல்லை வீழுமுன்னரே சொல்லி வைக்க வேண்டும். "குடிக்காதீர், ஒருவேளை குடித்துவிட்டால் அன்றிரவே எம்மிடம் வாரும்" என்பதே அச்சொல். ஏழுமுறை அன்று, எழுபது ஏழுமுறை மன்னிக்கக் கற்றவர் (மத். 18:22) இதனால் குடிக்கு இடங்கொடுக்கிறோமோ என அஞ்ச வேண்டியதில்லை. மன்னிப்பு, விலக்கைத் தளர்த்துவதில்லை; வீழ்ச்சியை நீளவிடாமல் தடுக்கிறது.

ஐந்தாவது, சபை தன் பங்கை ஏற்க வேண்டும். திருவிருந்தில் புளிக்காத சாற்றைப் பயன்படுத்துவது நம் சபைகள் பலவற்றில் வழக்கமே. தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்தர் 1869 ஆம் ஆண்டு திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டது இதன் பொருட்டே. புளித்த இரசத்தை வழங்கும் சபைகள், மீண்டவர் ஒருவர் பந்தியண்டை வருமுன் தயங்கி நிற்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கட்டும். கிறிஸ்துவின் கிண்ணம் எவருக்கும் கண்ணியாகலாகாது. சபையாரின் திருமணங்களிலும் துக்கவீடுகளிலும், குறைந்தது நம் பெயரால் நடைபெறும் விருந்துகளிலேனும், போத்தல் இல்லாதிருப்பது அவருக்கு நாம் செலுத்தும் கடன்.

அந்தச் சகோதரர் பல மாதம் கழித்து மீண்டும் வந்தார். அதே கேள்வியை அவர் கேட்கவில்லை, நாமே எடுத்தோம். "உமக்கு அளவு இல்லை, ஐயா. அது உம் பாவம் மிகுதி என்பதாலன்று. உம் உடல் அப்படியாகிவிட்டது. நாங்களும் உம்மோடு விட்டுவிடுகிறோம். தவறினால் மறைக்காமல் வாரும்" என்றோம். அவர் மனைவி அப்போதும் சற்றுத் தள்ளியே நின்றிருந்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் அவர். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இதனை வாசிக்கும் உடன் ஊழியர், அதே வினாவைக் கேட்க ஒருவர் தயங்கி நிற்கும்போது, எம்மைவிட முன்னதாக விடை சொல்வாராக.